காரம் தின்றால் வீரமா?

பிள்ளைகளே, ஏற்காடு ஏரிக்கரைக்கு வந்தால் மிளகாய் பஜ்ஜி சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை. எனக்கும் அது பிடிக்கும். ஆனால், அந்தக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு மட்டும் பிடிப்பதே இல்லை. 'உஸ்... உஸ்' என்று கண் கலங்கி நிற்கும் பையனிடம், "இதைக்கூடத் தின்ன முடியலையா? நீயெல்லாம் ஆம்பளைப் பிள்ளையா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். வீட்டுப் பெரியவர்களே சிரிப்பதும் உண்டு.

காரம் தாங்குவதில் என்ன வீரம் இருக்கிறது? மிளகாயில் கேப்சைசின் என்ற பொருள் உள்ளது. நம் வாயில் சூட்டை உணரும் நரம்புகளை அது தூண்டிவிடும். உடனே, 'ஐயோ, சுடுகிறது' என்று மூளைக்குச் சேதி போகும். அந்தச் சேதியை அனுப்பும் உணர்வியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். தினமும் காரம் தின்பவருக்கு இந்த எரிச்சல் பழகிப்போகும். மற்றவருக்கு எரியத்தான் செய்யும். பறவைகளுக்கோ காரம் உறைப்பதே இல்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்திக் கொத்தித் தின்னும். அதற்காகக் கிளிக்கு வீரப் பதக்கம் தருவோமா?

இன்னொன்று. மிளகாய் நம்ம ஊர்க் காயே இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அதை, சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் போர்த்துக்கீசியர் இங்கே கொண்டு வந்தனர். அதுவரை நம் சமையலுக்கு உறைப்புத் தந்தது மிளகு. எங்கள் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில், சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக்கொடி ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மலைக் குளிருக்கு மிளகு ரசம்தான் என் கட்சி!

பஜ்ஜி மிளகாய் எரிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பால் அல்லது தயிர் நல்லது. காரம் விதையில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் அது அதிகம். அதைக் கீறி எடுத்துவிட்டுப் பஜ்ஜி போடச் சொல்லுங்கள்.

சரி, காரமே இல்லாத குடைமிளகாயை ஏன் நூடுல்ஸில் இருந்து பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைக்கிறீர்கள்? கசக்கிறதா? பச்சைக் குடைமிளகாய் பழுக்காத காய், அதனால் கொஞ்சம் கசக்கும். அரைவேக்காடாகப் போட்டால் எனக்கும் பிடிக்காது. அதுவே செடியில் சிவக்கப் பழுத்தால் இனிக்கும். எடைக்கு எடை பார்த்தால், ஆரஞ்சுப் பழத்தைவிட அதில் வைட்டமின் சி அதிகம். எனவே, 'பிடிக்காது' என்று சொல்லுமுன் சிவப்பையும் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். அப்புறமும் பிடிக்கவில்லையா? விட்டுவிடுங்கள், நான் வற்புறுத்த மாட்டேன்.

ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜிக்கும் ஒருநாள் இரவு சாப்பாட்டில் சிவப்பு மிளகாய்ப் பழம் வந்தது. சாப்பிட அவருக்கு மனம் இல்லை. தப்பிக்க வழி தேடியவர், 'இதை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லையே' என்று ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்விட்டார். நள்ளிரவுக்குள் தெரிந்துவிட்டது, அது வைட்டமின் சி களஞ்சியம் என்று! 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.