போட்ட பணத்துக்காகப் போடும் பணம்

"வாங்கியாச்சு. இனி பேசி என்ன ஆகப்போகுது? வருஷா வருஷம் ஒழுங்காப் போய்ட்டு வந்தா போட்ட காசு தானா வந்துடும்."

ஹாலிடே மெம்பர்ஷிப், அதாவது டைம்ஷேர், வாங்கிய வீடுகளில் முதல் வாரத்துக்குள் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. சொல்பவர் பெரும்பாலும் குடும்பத்தில் விவரமானவர் என்று பெயர் எடுத்தவர். மற்றவர்களும் தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். டைம்ஷேரை விற்றவர் பேசிய பேச்சைவிட, வாங்கியவர் வீட்டில் பேசப்படும் இந்தப் பேச்சுதான் அதிகக் கேடு செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். விற்பவர் பேச்சு ஒரு மாலைப் பொழுதோடு முடிந்துவிடும். இந்தப் பேச்சோ 25 வருடம் பணம் கட்ட வைக்கும்.

அந்த மாலைப் பொழுது எப்படி நடக்கிறது என்பது சென்னை, கோவைவாசிகள் பலருக்கும் தெரியும். மாலிலோ பெட்ரோல் பங்க்கிலோ பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்ட கூப்பனுக்கு ஒரு நாள் அழைப்பு வருகிறது. "சார், உங்களுக்கு கிஃப்ட் விழுந்திருக்கு. ஆனா நீங்களும் மேடமும் சேர்ந்துதான் வரணும்." ஏன் சேர்ந்து வர வேண்டும்? "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வர வழி இருக்கக் கூடாது என்பதற்காக. ஓட்டல் ஹாலில் வட்ட வட்டமாக மேசைகள், காதை அடைக்கும் பாட்டு. குழந்தைகளை ஒரு ஓரத்தில் வண்ணம் தீட்ட உட்கார வைத்துவிடுவார்கள். "போன வருஷம் லீவுக்கு எங்கே போனீங்க? எவ்வளவு செலவாச்சு?" என்று நம் வாயாலேயே ஒரு தொகையைச் சொல்ல வைத்து, அதைத் தாளில் எழுதி 25-ஆல் பெருக்கி வட்டம் போடுவார்கள். பக்கத்து மேசையில் யாரோ கையெழுத்துப் போட்டதும் மைக்கில் பெயரைச் சொல்லிக் கைதட்டல். இரண்டு மணி நேரம் கழித்து மேனேஜர் வந்து உட்கார்ந்து, இந்த விலை இன்று இரவு வரைதான் என்பார். கிரெடிட் கார்டைத் தேய்த்து முன்பணம் கட்டிவிட்டு, குக்கர் பெட்டியோடு வீடு திரும்பும்போது மணி பத்தாகியிருக்கும்.

இப்படி வாங்கப்பட்ட ஒன்றைத்தான் "யோசித்து எடுத்த முடிவு" போல மறுநாள் காலையிலிருந்து காப்பாற்றத் தொடங்குகிறோம். காரணத்தைக் கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, கையெழுத்துப் போட்டாயிற்று, பின்வாங்குவது மரியாதை இல்லை. இன்னொன்று, கட்டிய முன்பணம் வீணாகிவிடும். இரண்டுமே தவறு.

முதலில் மரியாதை. ஜவுளிக் கடையில் ஐம்பது புடவையைப் பிரித்துப் போட வைத்துவிட்டு "இன்னொரு நாள் வர்றோம்" என்று எழுந்து வருகிறோம். யாருக்கும் தலை குனிவதில்லை. நாலு லட்ச ரூபாய்க்கு மட்டும் எதற்குக் கூச்சம்? வாக்குத் தவறக் கூடாது என்பது மனிதருக்கு மனிதர் கொடுத்த வாக்குக்கு. ஒரு கம்பெனியின் ஒப்பந்தத்தில் "இத்தனை நாளுக்குள் விலகிக்கொள்ளலாம்" என்ற விதி அச்சாகியிருக்கிறதென்றால், அந்த விதியும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதிதான். அதன்படி விலகுகிறவர் ஒப்பந்தத்தை மீறவில்லை. அதன்படியே நடக்கிறார்.

இந்த விதி யாருடைய பெருந்தன்மையாலும் வந்ததில்லை. டைம்ஷேர் 1960-களில் ஐரோப்பாவில் பிறந்த வியாபாரம். அமெரிக்காவுக்குப் போய்ப் பெரிதாக வளர்ந்தது. எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் இதே ஹால், இதே பரிசு, இதே "இன்று மட்டும்" விலை. அதனால்தான் அரசாங்கங்கள் தலையிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, வாங்கியவர் 14 நாளுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். அந்த 14 நாளில் அவரிடம் முன்பணம் வாங்குவதே தடை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலச் சட்டம் 10 நாள் தருகிறது, கலிஃபோர்னியா 7 நாள். அந்த ஹாலில் எடுக்கப்படும் முடிவு நிதானமான முடிவாக இருக்காது, வீட்டுக்குப் போய் யோசிக்க நாள் வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. இத்தனைக்கும் இந்த வியாபாரம் இந்தியாவில் பெரிய அளவில் கிளம்பியதே சென்னையிலிருந்துதான். ஸ்டெர்லிங் 1986-இல் தொடங்கியது, மஹிந்திரா ஹாலிடேஸ் 1996-இல். கிட்டத்தட்ட நாற்பது வருடமாகத் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் இதை வாங்கிவருகின்றன. ஆனால் விலகும் நாட்களை உறுதிசெய்யும் ஒரு சட்டம் இன்னும் வரவில்லை. பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் பொதுவாகக் காணப்படுவது 10 நாள். நிறுவனம் எழுதினால்தான் உண்டு என்ற நிலை வெட்கக்கேடானது. ஆனால் அந்தப் பத்து நாளும் கையில் இருக்கும்போது, "கையெழுத்துப் போட்டாச்சே" என்று பேசியே நாளைக் கழிப்பது அதைவிட வருத்தம் தருகிறது.

இனி பணத்துக்கு வருவோம். ஒரு மாதிரிக் கணக்கு. உறுப்பினர் கட்டணம் 4,00,000 ரூபாய், 25 வருடம், வருடத்துக்கு ஏழு இரவு. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 18,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 21,240. அந்த நாலு லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருடத்துக்கு 28,000 வந்திருக்கும். ஆக, முதல் வருடச் செலவு 49,240. ஏழு இரவால் வகுத்தால் ஓர் இரவுக்கு 7,000 ரூபாய்க்கு மேல். இதில் சாப்பாடு இல்லை, பயணச் செலவு இல்லை. அதோடு வங்கியில் போட்டிருந்தால் 25 வருடம் கழித்தும் நாலு லட்சம் அங்கேயே இருக்கும். மெம்பர்ஷிப் முடியும்போது கையில் ஒன்றும் இருக்காது.

ஒரு வருடம் மாமனாருக்கு ஆபரேஷன், அடுத்த வருடம் பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று போக முடியாத வருடங்கள் எந்த வீட்டிலும் உண்டு. பயன்படுத்தாத நாட்களை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பார்கள். நாட்கள் போகும், பராமரிப்புக் கட்டணம் நிற்காது. அந்தக் கட்டணம் எந்த அளவு ஏறலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினாலே பன்னிரண்டு வருடத்தில் இரட்டிப்பாகிவிடும். "ஓட்டல் வாடகையும்தானே ஏறும்" என்று ஹாலில் சொன்ன பதிலை வீட்டிலும் சொல்கிறார்கள். ஏறட்டுமே! வாடகை ஏறினால் அந்த வருடம் ஊட்டிக்குப் பதில் பக்கத்தில் ஏலகிரிக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். பராமரிப்புக் கட்டணத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

இப்போது "போட்ட பணம் வீணாகக் கூடாது" என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். முன்பணமாக 60,000 கட்டியாயிற்று என்று வையுங்கள். பத்து நாளுக்குள் இருந்தால் அது ஒப்பந்தப்படி திரும்ப வர வேண்டிய பணம். வீணாகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்து நாள் தாண்டிவிட்டது, விலகினால் அந்த 60,000-மும் போய்விடும் என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு மாறுவதில்லை. இன்னும் கட்ட வேண்டிய தவணை 3,40,000. பராமரிப்புக் கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது என்று வைத்தாலும் 25 வருடத்துக்கு 5,31,000. இரண்டும் சேர்த்து 8,71,000. கையை விட்டுப் போன அறுபதாயிரத்தை நினைத்து, கையில் இருக்கும் எட்டே முக்கால் லட்சத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறது அந்த வாதம். போன பணம் இரண்டு வழியிலும் போனதுதான். முடிவெடுக்க வேண்டியது இனிக் கட்டப்போகும் பணத்தைப் பற்றி மட்டுமே. இன்றைக்கு இந்த மெம்பர்ஷிப்பை வாங்காத நிலையில் இருந்தால், 8,71,000 கொடுத்து இதை வாங்குவீர்களா? இந்தக் கேள்விக்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லட்டும்.

"வேண்டாமென்றால் பிறகு விற்றுக்கொள்ளலாம், சொத்துதானே" என்ற பேச்சும் இதோடு சேர்ந்தே வரும். இது சொத்து இல்லை. நம் நாட்டில் விற்கப்படுவது பெரும்பாலும் குறிப்பிட்ட வருடங்களுக்குத் தங்கும் உரிமை. பத்திரம் இல்லை, பட்டா இல்லை, சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் கிடைப்பது அரிது. விலக முடியாமல் தவிப்பவர்களை நம்பியே தனிக் கும்பல்கள் பிழைக்கின்றன. "உங்க மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு வித்துத் தர்றோம், வரியை மட்டும் முதல்ல கட்டுங்க" என்று போன் செய்வார்கள். கட்டிய வரியும் போகும், பேசிய ஆளும் மறைவார். மெக்சிகோவின் ஹாலிஸ்கோ போதைக் கும்பல் அமெரிக்க டைம்ஷேர்காரர்களைக் குறிவைத்து இதையே ஒரு தொழிலாக நடத்துகிறது என்று 2023-இல் அமெரிக்க நிதித்துறை அதனோடு தொடர்புடைய நிறுவனங்கள்மீது தடை விதித்தது. முதலீடு என்ற பெயரில் விடுமுறை அறைகளை விற்றதற்கு நம் நாட்டிலேயே பான்கார்டு கிளப்ஸ் என்ற மும்பை நிறுவனம் ஓர் உதாரணம். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் திரட்டிய சுமார் 7,000 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று 2016-இல் செபி உத்தரவிட்டது.

எல்லோரும் ரத்து செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வருடம் தவறாமல் வெளியூர் போகிறவர்கள், பல மாதம் முன்பே தேதியை முடிவுசெய்யக்கூடியவர்கள், பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாத வயதில் இருப்பவர்கள், கடன் வாங்காமல் மொத்தமாகப் பணம் கட்டக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இது ஒத்துப்போகிறது, சந்தோஷமாகவும் இருக்கிறார்கள். அவர்கள் வைத்துக்கொள்வது இனிக் கிடைக்கப்போவதைக் கணக்குப் பார்த்து. கட்டியதை நினைத்து வைத்துக்கொள்பவர்களிடம்தான் எனக்கு வாதம்.

புதிதாக வாங்கியவர்கள் இன்றிரவே ஒப்பந்தத்தை எடுத்து விலகும் விதியைத் தேடிப் படியுங்கள். எத்தனை நாள், எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள், எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஹாலில் வாயால் சொன்னது எதுவும் செல்லாது என்ற ஒரு வரியும் அநேகமாக இருக்கும். சீசனில் எப்போதும் அறை கிடைக்கும், வெளிநாட்டிலும் தங்கலாம் என்று சொன்னதையெல்லாம் அந்த வரியோடு சேர்த்துப் படியுங்கள். விலகுவதென்றால் போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். மேனேஜர் லீவு, நாளைக்குக் கூப்பிடுகிறோம், இன்னும் ரெண்டு நாள் இலவசமாகச் சேர்த்துத் தருகிறோம் என்று பேச்சு நீளும். அதற்குள் பத்து நாள் ஓடிவிடும். "ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், கட்டிய தொகையைத் திருப்பித் தரவும்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் போதும். அதையே தாளில் எழுதி ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வையுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை. தவணை வேறு ஒரு நிதி நிறுவனத்தின் கடனாக இருந்தால் அவர்களுக்கும் அன்றே தனியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் மெம்பர்ஷிப் போன பிறகும் கடன் ஓடும், கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் அடி வாங்கும்.

நாள் கடந்தவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பொய் சொல்லி விற்றார்கள், சொன்ன சேவையைத் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பத்து நாள் என்பது ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்ந்த பத்து நாளாக இருக்கலாம். உறவினர், நண்பர் யாராவது இந்த வாரம் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர்களுக்கு இன்றே போன் செய்யுங்கள். "போட்ட காசை எடுத்துவிடலாம்" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். எந்தத் தேதிக்குள் ரத்து செய்யலாம் என்று கேளுங்கள்.