சாவி யாரிடம்?

கும்பகோணத்தில் எரிந்தது பள்ளிக்கூடம், அதைக் காட்டி அரிசி ஆலைகளை மிரட்டக் கூடாது என்கிறார்கள் டெல்டாவின் ஆலைக்காரர்கள் சிலர்.

2004 ஜூலை 16 அன்று தீ தொடங்கியது வகுப்பறையில் அல்ல, சத்துணவுச் சமையற்கூடத்தில். அதுவும் ஒருவர் கூலிக்கு உழைக்கும் இடம்தான். அடுப்பிலிருந்து கீற்றுக்கூரைக்குத் தாவி மாடி வகுப்புகளுக்கு ஏறியது. இறங்கக் குறுகலான ஒரே படி. இறந்த பிள்ளைகள் 94. அடுப்பு, கூரை, வழி: இதில் எது ஆலைக்குப் பொருந்தாது?

நெல் அவிக்க உமியைத்தான் எரிக்கிறோம். உமித்தீ மேலே சாம்பல் பூத்து அணைந்ததுபோல் கிடக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மேலாக ஒரு குடம் ஊற்றினால் போதாது, கிளறிக் கிளறி நனைக்க வேண்டும். தீயணைக்க வைத்த மணல் வாளியில் வெற்றிலை எச்சிலும் பீடித்துண்டும். அறுவடைக் காலத்தில் பின்கதவை மறைத்து மூட்டை அடுக்கு வேறு.

தீப்பாதுகாப்புச் சான்றிதழ் என்றாலே லஞ்சம் என்கிறார்கள் ஆலைக்காரர்கள். பாதி உண்மை. அந்தப் பள்ளிக்கும் அங்கீகாரம் இருந்ததே! 2014-ல் தஞ்சாவூர் நீதிமன்றம் தண்டித்த பத்துப் பேரில் கல்வித்துறையினரும் இருந்தார்கள். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டால் கதவையும் மூடிவிடலாம் என்று அர்த்தமா?

பூட்டாவிட்டால் சரக்கு திருட்டுப் போகுமாம். நியூயார்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை முதலாளிகளும் திருட்டுக்குப் பயந்துதான் கதவைப் பூட்டிவைத்தார்கள். 1911-ல் 146 பேர் செத்தார்கள். நம் ஆலைகளில் இரவு ஷிப்டில் பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.