விழுந்த என்ஜினைத் தூக்கி எறியாதீர்கள்!

கையில் இருந்த பொம்மை ரெயில் என்ஜின் கீழே விழுந்துவிட்டது. "டணார்" என்று ஒரு சத்தம். வீடே ஓடி வருகிறது.

வழக்கமாக அடுத்து என்ன நடக்கும்? பையன் முதுகில் ஓர் அறை. என்ஜின் பரண் மேலே போகும். அல்லது குப்பைக் கூடைக்குப் போகும்.

இரண்டும் தப்பு என்பது என் கட்சி.

அடி கொடுப்பது கூடாது என்று நான் சொல்வது இரக்கத்துக்காக மட்டும் அல்ல. அதில் வேலைக் கணக்கும் இருக்கிறது. விழுந்த என்ஜினைப் பிழைக்க வைப்பது முதல் ஒரு மணி நேரம்தான். எப்படி விழுந்தது, எந்தப் பக்கம் தரையில் பட்டது, எந்தத் துண்டு எங்கே தெறித்தது என்பதெல்லாம் பையனுக்குத்தான் தெரியும். அடிக்குப் பயந்த பிள்ளை என்ன செய்வான்? உடைந்த துண்டைக் காலால் பீரோவுக்கு அடியில் தள்ளிவிடுவான். மறுநாள் கேட்டால், "எனக்குத் தெரியாது" என்பான். ஒரு கொக்கி, ஒரு திருகாணி, ஒரு சின்னப் பல்சக்கரம் காணாமல் போனால் அப்புறம் பிரம்மா வந்தாலும் அந்த வண்டி ஓடாது. கடையில் அந்தத் துண்டு மட்டும் தனியாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்!

கோபுரத்துக்கு மேல் இருந்து...

"கொஞ்சம் உயரத்தில் இருந்துதானே விழுந்தது, இதற்கா இவ்வளவு சேதம்?" என்று கேட்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேஜையின் உயரம் 75 சென்டிமீட்டர். அங்கே இருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஓடி வந்து சுவரில் மோதுவதற்குச் சமம். ஆங்கிலேய அளவில் செய்த மாதிரி என்ஜின்கள் அசல் என்ஜினில் 76-ல் ஒரு பங்கு. மேஜை உயரத்தை 76 மடங்கு ஆக்கினால் 57 மீட்டர். சிதம்பரம் கோபுரத்தைவிட உயரம்! ஒரு ரெயில் என்ஜினை அங்கே இருந்து உருட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அந்தச் சிறு வண்டி உருத்தெரிந்து கிடப்பதே பெரிது.

இந்தச் சின்ன வண்டிகளுக்கும் சரித்திரம் உண்டு. 1891-ல் ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி, தண்டவாளத்தோடு கூடிய பொம்மை ரெயிலை லீப்சிக் சந்தையில் வைத்தது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி 1920-ல் சாவி கொடுத்து ஓட்டும் ரெயில்களை விற்கத் தொடங்கினார். 1938-ல் மின்சாரத்தில் ஓடும் சிறிய ரகம் வந்தது. நம் நாட்டிலும் இந்தப் பித்து உண்டு. புனேயில் பாவுசாகேப் ஜோஷி என்பவர் ஓர் ஊரையே சிறிதாகச் செய்து அதில் ரெயில்களை ஓடவிட்டார். அந்தக் காட்சியகம் 1998-ல் திறக்கப்பட்டது.

மஞ்சக்குப்பத்திலும் வீடுகளில் இந்த ரெயில் இருக்கக்கூடும். துபாயில் இருந்தோ, சிங்கப்பூரில் இருந்தோ அப்பாவோ மாமாவோ வாங்கி வந்ததாக இருக்கும். நவராத்திரிக்குக் கொலுப்படியின் கீழே பூங்கா போட்டு, அதைச் சுற்றி ரெயில் ஓட்டும் வீடுகள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும் அப்பா கொடுத்த என்ஜின் உடைந்தால், அதை வெறும் பிளாஸ்டிக் என்று சொல்ல முடியுமா?

கெடிலம் பாலத்தைத் தாண்டித் திருப்பாப்புலியூர் ஸ்டேஷனுக்குப் போனால், ஒரு காலத்தில் மீட்டர்கேஜ் நீராவி என்ஜினைப் பார்த்திருக்கலாம். அந்தப் பாதை 2010-ல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டுவிட்டது. நீலகிரி போன்ற ஒன்றிரண்டு இடங்களை விட்டால், இன்றைய பிள்ளைகள் நீராவி என்ஜினின் சக்கரமும் தண்டும் எப்படிச் சேர்ந்து சுற்றும் என்பதைப் பொம்மையில்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்காதீர்கள்!

விழுந்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் கொடுப்பது. பாதி என்ஜின்கள் விழுந்ததனால் சாவதில்லை. இதனால்தான் சாகின்றன!

உள்ளே மோட்டார் தன் இடத்தை விட்டு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். பல்சக்கரம் பாதி கடித்தும் கடிக்காமலும் நிற்கும். மின்சாரம் கொடுத்தால் பல் மொத்தமும் வழித்துக்கொண்டு போய்விடும். சக்கரம் சிக்கி நின்றால் மோட்டார் முனகும், சுற்றாது. சுற்றாத மோட்டாரில் மின்சாரம் அதிகமாகப் பாயும். சூடு ஏறும். சுருள் கருகும். ஐந்து நிமிஷத்தில் சரி செய்திருக்கக் கூடிய பழுது, தீராத பழுது ஆகிவிடும்.

ஆகையால் முதலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கிடைத்த துண்டுகளை எல்லாம் அதன் மேல் வையுங்கள். பிறகு அந்த இடத்தைப் பெருக்கி, குப்பையை முறத்தில் எடுத்து மெதுவாகப் புடையுங்கள். நம் பாட்டிகள் அரிசியில் கல் பொறுக்கிய கண்ணுக்கு, அரை மில்லிமீட்டர் திருகாணி தப்பாது. காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். எஃகுதான் அதில் ஒட்டும். பித்தளையும் துத்தநாகமும் பிளாஸ்டிக்கும் ஒட்டாது.

மூன்று இடத்தில் பாருங்கள்

மேல்கூடு உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். கைப்பிடிக் கம்பி, ஏணி, முன்னால் உள்ள பப்பர், கொக்கி ஆகியவைதான் முதலில் போகும். பயமாகத் தெரியும், ஆனால் சுலபமான பழுது.

சக்கரத்தில்தான் சூட்சுமம். இந்த வண்டிகளின் தண்டவாள இடைவெளி பதினாறரை மில்லிமீட்டர். இரண்டு சக்கரங்களின் உட்புற முகங்களுக்கு நடுவே சுமார் பதினாலரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். விழுந்த வேகத்தில் ஒரு சக்கரம் அச்சில் கொஞ்சம் உள்ளே நகர்ந்துவிட்டால், வண்டி நேர்ப்பாதையில் ஓடும்; பாதை பிரியும் இடத்தில் கவிழும். அளவுகோலால் எல்லா அச்சுகளையும் அளந்தால் திருடன் அகப்பட்டுவிடுவான்.

நீராவி என்ஜின் மாதிரியில் இன்னொரு தொல்லை உண்டு. இடப் பக்கத் தண்டும் வலப் பக்கத் தண்டும் ஒரே நிலையில் இருக்காது. ஒன்று மேலே இருந்தால் மற்றது கால் சுற்று தள்ளி இருக்கும். அசல் என்ஜினிலும் அப்படித்தான். இரண்டும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒரு சக்கரம் அச்சில் இம்மி திரும்பிவிட்டாலும் தண்டுகள் பூட்டிக்கொள்ளும். பலவந்தமாகச் சுழற்றினால் தண்டு வளையும். இந்த ஒரு பழுதை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மூன்றாவது, உள்ளே. என்ஜினுக்கும் பின்னால் உள்ள நிலக்கரிப் பெட்டிக்கும் நடுவே தலைமுடி போன்ற கம்பிகள் போகும். சக்கரத்தின் முதுகைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் மெல்லிய தகடுகள் இருக்கும். மோட்டார் நன்றாக இருந்தும் வண்டி ஓடவில்லை என்றால், பல சமயம் கம்பி விட்டிருக்கும். அல்லது தகடு சக்கரத்தைத் தொடாமல் விலகி இருக்கும். சாமணத்தால் இம்மி வளைத்தால் போதும். இந்த வண்டிகளுக்கு 12 வோல்ட்தான். ஆனால் அந்த மின்சாரத்தைக் கொடுக்கும் பெட்டி சுவரில் மாட்டியிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. அதைக் கழற்றிவிட்டுத்தான் எதிலும் கை வைக்க வேண்டும்.

சர்வரோக நிவாரணி அல்ல!

நம் வீடுகளில் எது உடைந்தாலும் ஒரே வைத்தியம். பெட்டிக்கடையில் ஒரு பெவிகுவிக்! அதன் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அது உலரும்போது எழும் ஆவி, கண்ணாடி போன்ற ஜன்னல்களில் வெள்ளையாகப் படிந்துவிடும். அவசரத்தில் கோணலாக ஒட்டினால் பிரிப்பது பெரும்பாடு. சக்கரத்துக்குள் ஒரு துளி போனால் வண்டி கல் ஆகிவிடும். குழந்தையின் விரலையும் கண்ணையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கூடு பிளாஸ்டிக்காக இருந்தால், பிளாஸ்டிக்கையே இளக்கி ஒட்டும் திரவம் விற்கிறது. ஊசி முனையால் விளிம்பில் தடவி, ஒரு நாள் ஆடாமல் வைத்தால் ஒட்டு தெரியாது. வழுவழுப்பான சில பிளாஸ்டிக்குகளில் அதுவும் பிடிக்காது. உலோகக் கூட்டுக்கு அரால்டைட் போல இரண்டு குழாய்களைக் கலந்து தடவும் பசை நல்லது. வளைந்த பித்தளைக் கம்பியை மெல்ல நிமிர்த்தலாம். துத்தநாகக் கலவையில் வார்த்த பகுதியை நிமிர்த்தப் போனால் 'படக்' என்று முறியும். அது கொஞ்சம் வளைந்தே இருக்கட்டும்!

எல்லாவற்றையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய சில என்ஜின்களில், துத்தநாகத்தோடு ஈயம் கலந்துபோனதால் வார்ப்பு தானாகவே வெடித்து உதிரும். கீழே விழுந்தது ஒரு சாக்குதான். அதற்கு மருந்து இல்லை. திருகாணியே இல்லாமல் ஒரேயடியாக ஒட்டிவிட்ட மலிவு பாட்டரி ரெயிலுக்கும் அதே கதிதான். அதைச் செய்தவனே பழுது பார்க்கக்கூடாது என்று தீர்மானித்துச் செய்திருக்கிறான்.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தேவனாம்பட்டினம் கடற்காற்று நம் வீட்டு ஜன்னலையே தின்கிறது. எஃகு அச்சையும் திருகாணியையும் விடுமா? கழற்றிய என்ஜினைத் திறந்தபடி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். எண்ணெய் விடும்போது தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய், அதுவும் குண்டூசி முனையில் ஒரு துளி.

யார் செய்வார்கள்?

"இதற்கு ஆள் எங்கே?" என்பது நியாயமான கேள்வி. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரைவிடப் பொருத்தமானவர் யார்? பல்சக்கரமும் சாமணமும் கண்ணில் மாட்டும் கண்ணாடியும் அவர் தொழில். கம்பி பற்றவைக்க ரேடியோ மெக்கானிக் இருக்கிறார். வர்ணம் உரிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பண்ருட்டி. கொலுபொம்மையின் ஒடிந்த விரலை ஒட்டி, கண் எழுதும் கைக்கு, என்ஜினின் பச்சை வர்ணம் பெரிய வேலையா?

பெரிய என்ஜினையே பிழைக்க வைத்தவர்கள் நம்மவர்கள். 1855-ல் லீட்ஸ் நகரத்தில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற என்ஜின், நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. 2010-ல் பெரம்பூர் தொழிற்சாலை அதை ஓட வைத்தது. திருச்சி பொன்மலைத் தொழிற்சாலை, நீலகிரி மலை ரெயிலுக்குப் புது நீராவி என்ஜின்களையே செய்து கொடுத்தது. கை இருக்கிறது. சின்ன வண்டிக்கு இல்லாதது உதிரித் துண்டுதான்.

இங்கேதான் அரசாங்கத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகச் சாதனம், மோட்டார் வாகனம் என்று நான்கு வகைகளைக் குறித்தார்கள். விளையாட்டுப் பொருள் அதில் இல்லை! வெளிநாட்டுப் பொம்மை மீதான சுங்கவரியோ 2020-ல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆயிற்று; 2023-ல் 70 ஆயிற்று. உள்ளூர்த் தொழில் வளர வரி போடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புதிது வாங்குவது கடினம் என்று ஆக்கிவிட்டு, பழையதைச் சரி செய்யவும் வழி வைக்காமல் இருந்தால் எப்படி? பொம்மை விற்பவர் கொக்கியும் சக்கரமும் பல்சக்கரமும் தனியாக விற்க வேண்டும், உட்புறப் படம் ஒன்றைப் பெட்டியோடு கொடுக்க வேண்டும் என்று விதி வந்தால் யாருக்கு நஷ்டம்?

பையனும் உட்காரட்டும்

பழுது பார்க்கும்போது பிள்ளையை விரட்டாதீர்கள். பெண் பிள்ளையாக இருந்தாலும்தான்! கழற்றிய திருகாணிகளை வரிசையாகத் தட்டில் வைப்பது அவர்கள் வேலை. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று ஒரு தாளில் படம் போடச் சொல்லுங்கள். மாட்டும்போது தாளைத் தலைகீழாகப் படித்தால் போதும்.

எல்லாம் முடிந்ததும் முதலில் கையால் தள்ளிப் பாருங்கள். தடை இல்லாமல் உருண்டால், மிகக் குறைந்த மின்சாரம் கொடுங்கள். முனகினாலோ, கருகிய வாடை வந்தாலோ உடனே நிறுத்துங்கள். நேர்ப்பாதையில் இரண்டு முறை, வளைவில் இரண்டு முறை, பிறகு பாதை பிரியும் இடம். பெட்டிகளை அதற்கப்புறம் கோக்கலாம்.

அடுத்த முறை மேஜை மேல் தண்டவாளம் போடுவதற்கு முன், தச்சரிடம் சொல்லி மேஜையைச் சுற்றி இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு மரச்சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு பழைய ஜமக்காளம் விரித்துவிட்டால் இன்னும் நல்லது.