பாடப்புத்தகம் தமிழில் வருகிறது, கதைப்புத்தகம்? பாலக்காடு, இடுக்கி எல்லைப் பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள்?

கேரள சட்டமன்றம் 2025-இல் மலையாள மொழி மசோதாவை நிறைவேற்றியபோது, காசர்கோட்டின் கன்னடப் பள்ளிகள் என்ன ஆகும் என்று கர்நாடகத்திலிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. அதே மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பள்ளிக்கூடம், பரீட்சை, வேலை என்பதோடு நின்றுவிடுகிறது. சாயங்காலம் வீட்டில் படுத்துக்கொண்டு படிக்க ஒரு தமிழ்க் கதைப்புத்தகம் அவர்களுக்குக் கிடைக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

யார் இந்தப் பிள்ளைகள்?

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பகுதிகள். இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்கள். மூணாறு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக லயத்து வீடுகளில் வாழும் குடும்பங்கள். தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழர்கள் போராடினார்கள். நடக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்தில் அமைந்தன.

சட்டம் எதுவரை கைகொடுக்கிறது?

அதே 1956-இல் வந்த ஏழாவது திருத்தம் அரசியலமைப்பில் 350ஏ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு, பாடநூல்களும் தமிழில் அச்சாகின்றன. 2017-இல் வந்த சட்டம் பத்தாம் வகுப்புவரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது.

ஆக, பள்ளிக்குள் தமிழ் ஒரு பாடமாக இருக்கிறது. ஆனால் ஒரு மொழியில் மார்க் வாங்குவது வேறு, அந்த மொழியில் சிரித்துக்கொண்டே புரட்ட ஒரு புத்தகம் இருப்பது வேறு. இரண்டாவதைப் பற்றி 350ஏ எதுவும் சொல்லவில்லை.

குழந்தை இலக்கியத்தில் கேரளம் ஏழை மாநிலம் இல்லை. சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் 'யுரேகா' 1970-இலிருந்து வருகிறது. 1981-இல் அரசே பால சாகித்ய இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கியது, அதன் இதழ் 'தளிர்'. இவை மலையாளத்தில் வருபவை. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு 2022-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைக் கொண்டுவந்தது. அவை தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கானவை. கொழிஞ்சாம்பாறைக் குழந்தை ரெண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

மலையாளத்தில் படித்தால் போதாதா?

நியாயமான கேள்வி. பல பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள், படிக்கவும் வேண்டும். இடமலைக்குடியில் முதுவர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில், சின்னத்தம்பி என்ற பெரியவர் தன் டீக்கடையில் 160 புத்தகங்களோடு நூலகம் நடத்தியதை 2014-இல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அங்கே சிலப்பதிகாரமே மலையாள மொழிபெயர்ப்பில்தான் இருந்தது. 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் கொல்லப்பட்ட மாணவர் அபிமன்யுவின் ஊர் வட்டவடை. ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அவர் ஆசை. கேரளம் முழுவதிலுமிருந்து புத்தகங்கள் வந்து குவிய, அவர் பெயரிலேயே அது அமைந்தது. மலைமேல் வாசிக்க ஆளில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இருந்தாலும் மலையாளம் ஒரு பாதியைத்தான் தரும். ஒரு குழந்தைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று 1990-இல் எழுதினார் அமெரிக்க ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப். அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளை மனதில் வைத்துச் சொன்னது. மூணாறு லயத்துப் பிள்ளைக்கு மலையாளப் புத்தகம் நல்ல ஜன்னல். கொழுந்துக் கூடையும் மட்டக்குதிரையும் அவள் வீட்டுப் பேச்சுத் தமிழிலேயே வரும் கதைதான் அவளுக்குக் கண்ணாடி.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. குழந்தை இலக்கியத்துக்கான சாகித்ய அகாதமியின் பால புரஸ்கார் விருதைத் தமிழுக்காக 2023-இல் 'ஆதனின் பொம்மை' நாவலுக்காக உதயசங்கரும், 2024-இல் 'தன்வியின் பிறந்தநாள்' தொகுப்புக்காக யூமா வாசுகியும் பெற்றார்கள். இருவருமே மலையாளத்திலிருந்து சிறார் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள். பாலக்காட்டுத் தஸ்ராக் கிராமத்தின் ஓராசிரியர் பள்ளியைச் சுற்றி ஓ.வி. விஜயன் எழுதிய நாவலைத் தமிழாக்கி, மொழிபெயர்ப்புக்கான அகாதமி விருதை வாங்கியவரும் யூமா வாசுகிதான். கேரளக் கதை தமிழாகித் தமிழ்நாட்டு வாசகரிடம் சேர்கிறது. ரெண்டு மொழியும் தெரிந்த எல்லைப் பிள்ளைக்கும் அதைக் கொண்டுசேர்க்கத்தான் ஏற்பாடு வேண்டும்.

ஆய்வுக்கு இங்கே என்ன வேலை?

சித்தூர் அரசுக் கல்லூரியிலும் மூணாறு அரசுக் கல்லூரியிலும் தமிழ் பயிற்றுவிக்கப்படுகிறது. அங்கே படிக்க வரும் பிள்ளைகளில் பலர் வீட்டிலேயே ஆய்வுப் பொருளை வைத்திருப்பவர்கள்: பாட்டி பாடும் தாலாட்டு, தோட்டத்து விடுகதை, பாதி மலையாளம் கலந்த விளையாட்டுப் பாட்டு. இவற்றைச் சேகரித்தால், அப்படியே சிறார் நூல்களுக்கும் அடிப்படை கிடைக்கும். ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் தமிழ்ச் சிறார் நூல் எத்தனை, அதில் பிள்ளைகள் எடுத்துப் படிப்பது எது என்ற எளிய கணக்கெடுப்பும் எம்.ஏ. மாணவர்களால் முடியக்கூடியதே. இந்தத் துறை கேரளத்துக்கு அந்நியமும் இல்லை. குழந்தைப் பாடலின் முன்னோடி கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை திருவிதாங்கூரில் பிறந்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்வதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1954-இல் மறைந்தவர்.

எல்லை தாண்டிப் புத்தகம் போவது உலகத்தில் புதிதல்ல. டென்மார்க், ஜெர்மனி எல்லையில் 1955-இல் இரு அரசுகளும் சிறுபான்மையினர் உரிமையை உறுதிசெய்து அறிவிப்பு வெளியிட்டன. இன்று ஜெர்மனியின் ஃபிளென்ஸ்புர்க் நகரில் டேனிஷ் மொழிக்கான மைய நூலகம் இருக்கிறது, அதன் புத்தகப் பேருந்துகள் ஊர் ஊராகப் போகின்றன.

இங்கே பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரத்துக்கும், போடியிலிருந்து மூணாறுக்கும் பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 'ஊஞ்சல்' அச்சாகும்போது கூடுதலாகச் சில ஆயிரம் பிரதிகள் அடித்துக் கேரளத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். அதற்குச் சென்னையும் திருவனந்தபுரமும், இரண்டு கல்வித்துறைகளும், பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும்.