20ஆம் நூற்றாண்டு ஆசிரியர்களா நாங்கள்?

“21ஆம் நூற்றாண்டுப் பிள்ளைகளுக்கு 20ஆம் நூற்றாண்டு ஆசிரியர்கள் பாடம் எடுக்கிறார்கள்.” பணியிடைப் பயிற்சிக்குப் போனால் முதல் பத்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும். கருத்தாளர் மாறுவார், வாக்கியம் மாறாது. போன மாதமும் கேட்டேன். முன்வரிசையில் இருந்த பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர். அவர் குனிந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

படிப்பதை நிறுத்திவிட்டோமாம். அந்த அம்மாவின் பணிக்காலத்தையே பாருங்கள். 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. மேசை நாற்காலியை விட்டுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து, அட்டைகளை வைத்துக் கற்பிக்கப் பழகினார். 2018இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சானது. சொந்தப் போனில் ஸ்கேன் செய்யக் கற்றார். 2020இல் பள்ளிகள் மூடின. கல்வித் தொலைக்காட்சி நேரத்தை வீடு வீடாகச் சொல்லிவிட்டு, வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் திருத்தினார். 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. மதிப்பீட்டைச் செயலியில் நடத்தினார். படிப்பை நிறுத்தியவரால் இதில் எது முடியும்?

தொழில்நுட்பத்தைக் கண்டு பயமாம். பயந்தவர்கள் யாரும் சிக்னலுக்காக மாடிப்படி ஏறி நின்று தினமும் வருகையைப் பதிவேற்ற மாட்டார்கள்.

என்னை அதிகம் வருத்துவது மூன்றாவது குற்றச்சாட்டு: வகுப்பறைக்குள் தொழில்நுட்பம் நுழையவே இல்லை என்பது. பெரிய திரையும் புரொஜெக்டரும் இருந்தால்தான் தொழில்நுட்பம் என்று நினைப்பவர்களுக்கு என் ஆறாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். போன் கேமராவின் மேல் ஒரு துளி தண்ணீர் விட்டால் அது உருப்பெருக்கி ஆகிவிடும் என்று வேறு மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போட்டிருந்தார். நான் செய்தபோது துளி வழிந்து மேசையில் விழுந்தது. இரண்டாவது முறையும் அப்படித்தான். ஊக்கு முனையில் தொட்டு மிகச் சிறிய துளியாக வைத்து, மெல்லக் கவிழ்த்தபோது நின்றது. கீழே கறுப்புத் தாளில் தூள் உப்பு. திரையில் ஒவ்வொரு மணியும் குட்டிப் பெட்டி போலத் தெரிந்தது. பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பார்த்தார்கள். பிறகு சர்க்கரை வைத்தோம். “டீச்சர், சர்க்கரை மட்டும் ஏன் பெட்டியா இல்ல?” என்று ஒருவன் கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்றிரவு சோறு வடித்துவிட்டுத் தேடித் தேடிப் படித்தேன். உப்பில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறி மாறி, செங்கல் அடுக்கியதுபோல நாலாபக்கமும் ஒரே சீராக அடுக்கப்பட்டிருக்கின்றன. சர்க்கரை மூலக்கூறு பெரியது, கோணல்மாணலானது, அதன் அடுக்கு வேறு. மறுநாள் தீப்பெட்டிகளையும் புளியங்கொட்டைகளையும் அடுக்கிக் காட்டினேன். கேட்டவன் முகத்தில் தெளிவு வந்தது. இருபது ஆண்டு பணிக்குப் பிறகு நான் புதிதாகப் படித்த வேதியியல் அது. அவன் கேட்காவிட்டால் படித்திருக்க மாட்டேன்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்சார் பயிற்சி வேண்டும் என்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரவு எந்த மணிக்கணக்கிலும் ஏறாது. வீடியோவை ஓடவிட்டுச் சான்றிதழ் எடுத்தால் ஏறும்.

பிள்ளைகளுக்கு நம்மைவிடப் போன் நன்றாகத் தெரியும் என்பார்கள். ரீல்ஸ் தள்ளத் தெரியும். அந்த உப்பு மணியைப் பார்க்க யாராவது கற்றுத்தர வேண்டியிருந்தது.

அடுத்த பயிற்சியில் அந்த முதல் பத்து நிமிடத்தைத் தலைமையாசிரியை அம்மாவிடம் கொடுங்கள். அடுத்த பத்து நிமிடம் எனக்கு வேண்டும். உப்பும் சர்க்கரையும் நானே கொண்டுவருகிறேன்.