தட்டம்மைக்கு ஸ்கேன்ல மருந்து இல்ல

1/ "தட்டம்மை தானா வரும், தானா போகும். ஊசி எதுக்கு சார்? ஏதாவதுன்னா ஸ்கேன் எடுத்துக்கலாம்." ஆவடி, அம்பத்தூர் பக்கம் ஓபியில இதை இன்னும் கேக்கறேன். பதில் இந்த த்ரெட்.

2/ சில குழந்தைகளுக்கு தட்டம்மை வைரஸ் மூளையில தங்கிடும். பெரும்பாலும் 6-10 வருஷம் சத்தமே இருக்காது. அப்புறம் நல்லா படிச்ச பிள்ளைக்கு மார்க் குறையும், குணம் மாறும். கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். நடை, பேச்சு, கடைசியில உயிர். பேரு எஸ்எஸ்பிஇ.

3/ மூளையோட வெண்பகுதி கரண்ட் வயர் கட்டு மாதிரி. இந்த நோய் வயரையும் அதன் உறையையும் அரிக்கும். எம்ஆர்ஐயில அது வெள்ளைத் திட்டா தெரியும். ஆனா ஆரம்பத்துல எம்ஆர்ஐ நார்மலாவே இருக்கலாம்.

4/ லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவக் கழகத்துல, நரம்பு நார்கள் வழியா தண்ணி எப்படி நகருதுன்னு அளக்கற டிடிஐ ஸ்கேன்ல இந்தப் பிள்ளைகளைப் பாத்தாங்க. 2006ல வெளிவந்த ஆய்வு. சாதாரண எம்ஆர்ஐயில நல்லா தெரிஞ்ச இடத்துலயும் நார்கள் சிதைய ஆரம்பிச்சிருந்தது.

5/ அருமையான வேலை. ஆனா சேதத்தை சீக்கிரம் பாக்கலாம், அவ்வளவுதான். சில மருந்துகள் சிலருக்கு நோயோட வேகத்தைக் குறைக்கலாம். குணமாக்கற மருந்து இன்னைக்கும் இல்ல. இதை நம்பியா ஊசி வேண்டாம்னு சொல்றீங்க?

6/ "ஊசியாலதான் இது வருது"ன்னு ஒரு ஃபார்வர்டு. பொய். நோயாளிகளோட மூளையில கிடைச்சது ஊர்ல பரவற வைரஸ், தடுப்பூசி வைரஸ் இல்ல. 2017 பிப்ரவரி எம்ஆர் முகாமையும் இதே மாதிரி வாட்ஸ்அப் வதந்திதான் படுத்துச்சு. பெற்றோர் மறுத்தாங்க, முகாமையே நீட்டிக்க வேண்டியதாச்சு.

7/ கலிஃபோர்னியாவுல 1988-91ல தட்டம்மை பரவினப்போ, ஒரு வயசுக்குள்ள நோய் வந்த குழந்தைகள்ல சுமார் 600ல ஒண்ணுக்கு எஸ்எஸ்பிஇ. 9 மாசம் ஆகாத குழந்தைக்கு வழக்கமா ஊசி கிடையாது. அதுக்குக் காவல் பக்கத்து வீட்டுல ஊசி போட்ட உங்க பிள்ளைதான். "எங்க இஷ்டம்"னு சொல்றவங்க இதை யோசிங்க.

8/ வேப்பிலை கட்டுங்க, திருவேற்காடு போய் கருமாரியம்மனுக்குக் கூழ் ஊத்துங்க. நான் தடுக்கல. ஆனா 9-12 மாசத்துல ஒண்ணு, 16-24 மாசத்துல ஒண்ணு, ரெண்டு எம்ஆர் ஊசியும் போட்டுடுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். விட்டுப் போயிருந்தா நாளைக்கே கார்டை எடுத்துட்டு வாங்க, திட்ட மாட்டோம்.