பெயரிடுமுன் செயலறிவோம்

கலைச்சொல் ஆக்கம் என்றவுடன் அகராதியை நாடுவது நம் வழக்கம். ஒரு கருவியின் செயலை அறியாது அதற்குப் பெயரிடுவதோ, ஆளைக் காணாமல் ஆடை தைப்பதை ஒக்கும். கணினி வலையமைப்பில் வழங்கும் 'சுவிட்ச்' என்னும் சொல்லே இதற்குத் தக்க சான்றாகும்.

விளக்கின் சுவிட்ச் மின்னோட்டத்தை விடும் அல்லது நிறுத்தும். இலங்கைப் பாடநூல்கள் அதனை 'ஆளி' என்கின்றன. வலையமைப்பின் சுவிட்ச் ஆற்றும் பணி வேறு. 1973இல் ராபர்ட் மெட்காஃப் வகுத்த ஈதர்நெட் முறையில் கணினிகள் அனைத்தும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் வந்த 'ஹப்' என்னும் குவியமும், ஒரு துறையில் வந்த செய்தியை ஏனைய துறைகள் அனைத்திற்கும் அனுப்பியது. இரு கணினிகள் ஒரே வேளையில் அனுப்பினால் செய்திகள் மோதிச் சிதைந்தன. இக்குறையை நீக்கும் ஈதர்நெட் சுவிட்சை 1990இல் அமெரிக்காவின் கல்பனா நிறுவனம் வெளியிட்டது.

அது இயங்குமாறு யாது? கணினியின் வலையட்டை ஒவ்வொன்றுக்கும் 48 பிட் கொண்ட 'மேக்' முகவரி உண்டு. செய்தி வந்ததும், அனுப்பிய முகவரியையும் வந்த துறையையும் சுவிட்ச் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பின்னர்ப் பெறுநர் முகவரியை நோக்கி, அதற்குரிய துறைக்கு மட்டும் செய்தியை அனுப்பும். அம்முகவரி அட்டவணையில் இல்லையெனில், வந்த துறை நீங்கலாக ஏனையவற்றிற்கெல்லாம் அனுப்பும்; மறுமொழி வரும்போது அவ்விடத்தையும் கற்றுக்கொள்ளும். வழக்கமாக 300 நொடிகள் வரை செய்தி அனுப்பாத முகவரியை அட்டவணையினின்று நீக்கிவிடும்.

கற்பதும், தேர்வதும், மறப்பதும் செய்யும் இக்கருவியை 'ஆளி' என்றால் மாணவர் மின்விசையையே எண்ணுவர். 'வழிமாற்றி' என்றாலோ, ஒரு வலையமைப்பை மற்றொன்றுடன் இணைக்கும் 'ரௌட்டர்' என்னும் வழிப்படுத்தியுடன் மயங்குவர். உரிய துறையைத் தேர்வதே இதன் உயிர்ச்செயல் ஆதலால், 'துறைதேர்வி' எனலாம் என்பது நம் கருத்து. கலம் வந்தடையும் இடத்தைத் துறை என்ற தமிழுக்கு, செய்தி வந்தடையும் இடத்தையும் அவ்வாறு அழைத்தல் அயன்மையன்று.

இதனினும் நல்ல சொல் கிடைப்பின் மகிழ்வோடு ஏற்போம். கிடைக்கும்வரை 'சுவிட்ச்' என்றே வழங்கினும் இழுக்கில்லை. பொருள் விளங்காத தூய சொல்லை மனனம் செய்து தேர்வில் எழுதும் மாணவனால் தமிழும் வளராது, அறிவியலும் வளராது. ஆதலின், தமிழ்த்துறை மாணவரும் கணினித்துறை மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து, கருவியை முன்வைத்துச் சொல் தேடுதல் வேண்டும். அங்கிருந்தே அறிவியல் தமிழ் தொடங்கும்.